ஒட்டிய கால்

நாலு பத்துக்குப் பசை இளகியது.

அவன் தூரிகை நுனியால் இன்னொரு சொட்டு வெந்நீர் விட்டான். நுண்ணோக்கியின் கீழே, அட்டைத் துண்டில் ஒட்டியிருந்த ஈயின் கால் விடுபட்டது. பசைக்கட்டி மறைத்திருந்த இடத்தில் தொடை தெரிந்தது. முழுத் தொடை.

ஒடிந்த காலை, அதே ஊசியில் ஈக்குக் கீழே செருகிய அட்டையில் ஒட்டி வைப்பது வழக்கம். அட்டைக்கு மேலே ஊசியில் இருந்த ஈயைத் திருப்பிப் பார்த்தான். அதன் முன்னங்கால்கள் இரண்டும் பாதித் தொடையில் ஒடிந்திருந்தன. மீதிப் பாதி உடம்போடு இருந்தது.

ஒரு காலுக்கு ஒன்றரைத் தொடை இருக்க முடியாது.

அருங்காட்சியகத்தின் மூன்றாம் மாடியில், ஈக்கள் இருக்கும் அறையில் அவன் ஒருவன்தான். வாட்ச்மேன் அவனை ‘மூணாம் மாடி’ என்பார். பேர் கேட்டதில்லை. அவன் பார்ப்பது நெட்டைக்கால் ஈக்களை. அரை அரிசி நீளம், பச்சை மினுக்கும் உடம்பு, கொக்குக் கால். நெருங்கிய இனங்களில் பெண் ஈக்களைப் பிரிக்கவே முடியாது. ஆண்களை முகத்தின் அகலம், சிறகு நரம்பின் வளைவு, முன்னங்காலின் பாதம் இவற்றை வைத்துப் பிரிக்கலாம். ஓர் இனத்துக்குப் பாதம் துடுப்பு மாதிரி அகன்று கறுத்திருக்கும். அதற்கு நெருங்கிய உறவான இனத்துக்கு வெறும் நூல் மாதிரி. இந்த ஈக்கு நூல்பாத இனத்தின் முகமும் சிறகும் இருந்தன; பாதம் மட்டும் துடுப்பு. அப்படி ஒன்றை யாரும் எழுதி வைக்கவில்லை. புதிய இனம் என்று முடிவு செய்திருந்தான். காலை வரைவது மட்டும் பாக்கி. வரையத்தான் பசையை இளக்கினான்.

உடம்பு ஓர் ஈயுடையது. கால் வேறொன்றுடையது. இரண்டும் எங்கும் கிடைப்பவை.

ஈயைப் பிடித்தது மாமா. அக்காவின் கணவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அக்கா இருந்தவரை இருவரும் அவள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். தம்பி சம்பளம் வாங்கிக்கொண்டு ஈ ஓட்டுகிறான் என்று அவள் சொல்வாள். மாமா சிரிப்பார். அவ்வளவுதான். அவள் போன பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் மாமா போன் செய்து, வீட்டுக்குப் பின்னால் வாய்க்காலில் ஈ மொய்க்கிறது, வேணுமா என்றார். அவன் வலை அனுப்பினான். மாமா பிடித்தார், காய வைத்தார், ஊசியில் ஏற்றி டப்பாவில் அனுப்பினார். அடிக்கடி போன் வந்தது. எல்லாம் ஈப் பேச்சு. அவனுக்கு வேறு போன் வருவதில்லை. மாமாவுக்கும் வருவதாகத் தெரியவில்லை.

புதிய ஈக்கு அக்கா பேரை வைக்கிறேன் என்று அவன் சொன்னபோது மாமா சட்டென்று போனை வைத்துவிட்டார். மறுநாளைக்குள் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

காலைத் திரும்ப ஒட்டிவிடலாம். இந்த ஈக்களைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். அவன் காலத்தில் யாரும் பார்க்கப் போவதில்லை. பசைப் புட்டியைத் திறந்து தூரிகையைத் தோய்த்தான். தூரிகை நுனி காய்ந்தது. புட்டியை மூடினான்.

தாழ்வாரத்தில் விளக்குகளை அணைத்துக்கொண்டு போனார்கள். அவன் போனை எடுத்தான். அவனாகக் கூப்பிடுவது முதல் தடவை.

மாமா உடனே எடுத்தார். அவன் வரைந்து அனுப்பப்போகும் ஈயின் படத்துக்குச் சுவரில் இடம் ஒழித்துவிட்டாராம்.

“கொசு சைஸ்ல வரைஞ்சு அனுப்பிடாத மாப்ளே. உங்கக்கா நல்ல உசரம்.”

“மாமா, அந்தக் காலை எப்படி ஒட்டினீங்க?”

“ஏன், கோணலா இருக்கா?”

“இல்ல. எந்த ஈயோட காலுன்னு பாத்தீங்களா?”

மாமா யோசித்தார். அன்றைக்குப் புழுக்கம் தாங்காமல் ஃபேனைப் போட்டுவிட்டதையும், மேஜையில் இருந்ததெல்லாம் பறந்ததையும் சொன்னார். குனிந்து தேடியதில் ஒரே ஒரு கால்தான் அகப்பட்டதாம்.

“பக்கத்துல கால் இல்லாம ஒண்ணு கிடந்துச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. ஒட்டிட்டேன்.”

அவன் சொன்னான். நிதானமாக, ஒன்றையும் விடாமல். இரண்டு ஈக்கும் எப்போதோ பேர் வைத்தாகிவிட்டது, அக்கா பேருக்கு ஈ இல்லை என்றான். வந்த அன்றே பசையை இளக்கிப் பார்ப்பது தன் வேலை, தான் பார்க்கவில்லை என்றான்.

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மாமா எழுந்து போய் அதை அணைத்துவிட்டு வந்தார். வாய்க்கால் வற்றிவிட்டது, இப்போது ஈயும் அவ்வளவாக இல்லை என்றார். வலையைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும் என்றான் அவன்.

இருவரும் போனை வைக்கவில்லை.

“அப்ப இனிமே நாம எதைப் பத்திப் பேசுறது, மாப்ளே?”