தலைவர் முகம் போட்ட வேன்

அத்தானின் கையில் ஊசி குத்துவதும் அவரோடு அரசியல் பேசுவதும் சின்னவளுக்கு ஒரே வேலையாகிவிட்டிருந்தது. வீட்டில் இளையவள் என்பதால் எல்லோருக்கும் அவள் சின்னவள். ஊரின் அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன். அக்காவின் புருஷன் முன்னாள் லாரி டிரைவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டபின் வாரத்துக்கு மூன்று நாள் காலையில் அவளிடம் வந்து இடது கையை நீட்டிப் படுத்துக்கொள்வார். ரத்தம் குழாய் வழியே வெளியே போய், சுத்தமாகி, திரும்ப உள்ளே வரும். அதுவரை அவர் வாய் ஓயாது.

பக்கத்துக் கட்டிலில் ஓய்வுபெற்ற தபால்காரர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. அத்தானைவிட மூத்தவர், ஆனாலும் அத்தானுக்கு அவர் வெறும் 'தபால்'தான். இருவருக்கும் அரசியலில் ஏழாம் பொருத்தம். சுவரோரக் கட்டிலில் ஒரு டீச்சரம்மா, இவர்கள் சத்தம் தாங்காமல் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள்.

தேர்தல் நெருங்கியபோது அத்தான் புதுக் கட்சியின் பக்கம் போனார். சும்மா போகவில்லை. அவருக்குக் காரணங்கள் இருந்தன.

"மாத்திரை வாங்க வரிசையில நின்னா, அந்தக் கவுண்டர்காரன் என்னை நிமிர்ந்து பார்க்கிறானா? ஏதோ அவன் வீட்டுச் சொத்தைக் கேட்ட மாதிரி வீசுறான். பாத்ரூம்ல தண்ணி கிடையாது. இதையெல்லாம் கேட்க ஒருத்தன் வேணாமா? நஷ்டத்துல ஓடுற எதையும் இழுத்துப் பிடிக்க மாட்டோம்னு அவங்க சொல்றாங்க. சரியாத்தானே சொல்றாங்க?"

சின்னவள் ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே சொன்னாள். "நஷ்டத்துல ஓடுறதுன்னா எதுன்னு நினைச்சீங்க அத்தான்? நீங்கதான் அது. உங்க ரத்தத்தைக் கழுவி யாருக்கு லாபம்?"

"எனக்கு லாபம்!" என்றார். அறையே சிரித்தது. போர்வைக்குள்ளிருந்து டீச்சரம்மாவும் சிரித்தாள்.

தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிறீங்க டிரைவரே," என்றார்.

புதுக் கட்சி ஜெயித்தது. மறுநாள் அத்தான் பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து ஒவ்வொரு கட்டிலுக்கும் கொடுத்தார். தபால்காரர் கையை நீட்டவேயில்லை. பிஸ்கட் அவர் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்து நொறுங்கியது.

மழைக்காலம் முடிவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. சிறிய ஊர்களின் டயாலிசிஸ் பிரிவுகள் மூடப்படும். நோயாளிகள் நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போகலாம். ஊழியர்களுக்கும் அங்கேயே வேலை. சின்னவள்தான் அதை அறையில் படித்துச் சொன்னாள். படித்து முடித்ததும் அவள் முதலில் பார்த்தது அத்தானின் முகத்தை. அது மெல்ல வெளுத்துக்கொண்டே போனது. வெயிலில் நடந்து வந்தவள் ஒரு வாய் பானைத் தண்ணீர் குடித்தது போல அவளுக்குள் ஏதோ இதமாக இறங்கியது. நல்லா வேணும். அந்தச் சொல் வாய்வரை வந்து நின்றது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் நன்றாகவே சாப்பிட்டாள்.

மறுநாள் அக்கா போனில் அழுதாள். "பஸ்ல போகவே ரெண்டு மணி நேரமாம்டி. அத்தானால உட்கார்ந்து வர முடியுமா? அவர் சொன்னார்னு நானும் அந்தக் கட்சிக்குத்தான்டி ஓட்டுப் போட்டேன்."

"தெரியும்க்கா," என்று மட்டும் சொன்னாள் சின்னவள். நேற்றைய இதம் என்ன ஆனது என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் கசந்துவிட்டிருந்தது.

அத்தானோ கட்சியைக் குறை சொல்ல மறுத்தார். "இது அதிகாரிங்க பண்ற வேலை. தலைவர் காதுக்கே போயிருக்காது," என்றார். நேராக உள்ளூர்க் கட்சிச் செயலாளரிடம் போய் நின்றார். செயலாளர் இளைஞர், கொஞ்சம் கூச்சப்பட்டார். உத்தரவை மாற்ற அவரால் ஆகாது. தேர்தல் பிரசாரத்துக்கு வாங்கிய வேன் ஒன்று சும்மா நின்றிருந்தது. அதையும் ஒரு டிரைவரையும் நோயாளிகளுக்காகக் கொடுத்தார்.

அப்படித்தான் அவர்கள் தலைவரின் வேனில் நகரத்துக்குப் போகத் தொடங்கினார்கள். வேனின் இரண்டு பக்கமும் முழு உயரத்துக்குத் தலைவரின் முகம். ஜன்னல் கண்ணாடியிலும் அவர் காது நீண்டு வந்திருந்ததால் உள்ளே பாதி இருட்டு. தன் அறையை மூடியவரின் கன்னத்துக்குப் பின்னால் உட்கார்ந்து சின்னவள் வேலைக்குப் போனாள். வேறு வழி அவளுக்கும் இல்லை.

தபால்காரர் ஏறவில்லை. "அந்த மூஞ்சி போட்ட வண்டியில நான் ஏறமாட்டேன். செத்தாலும் சரி."

"வீம்பு பண்ணாதீங்க ஐயா," என்றாள் சின்னவள்.

"வீம்புதாம்மா. அதாவது மிச்சம் இருக்கட்டும்."

அவர் பஸ்ஸில் போனார், பஸ்ஸில் வந்தார். டயாலிசிஸ் முடிந்து ஒரு மத்தியானம் திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கி, படிக்கட்டுப் பக்கம் நின்றிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நல்லவேளை, வெளியே விழவில்லை. அடுத்த முறை நெற்றியில் தையலோடு வந்தார். சின்னவளுக்கு அவர்மேல் வந்த கோபம், அத்தான்மேல் வந்த கோபத்துக்குக் குறைந்ததாக இல்லை. சரியான பக்கம் ஓட்டுப் போட்டவருக்குத்தான் மண்டை உடைந்தது. இதை யாரிடம் சொல்லி யார்மேல் ஆத்திரப்படுவது?

அத்தான் அந்தத் தையலை வெகுநேரம் பார்த்தார். அன்று அவர் அரசியல் பேசவில்லை.

அடுத்த பயண நாள் விடிகாலையில் சின்னவள் அக்கா வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்ற வேனை அத்தான் தோசைத் திருப்பியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெந்நீர் வாளி. வேன் டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு திண்டாடினான். "எனக்கு வேலை போயிடும் சார்."

"நான்தான் பண்ணேன்னு சொல்லு."

"ஊசி போடுற கை, அத்தான்!" என்று பதறினாள் சின்னவள்.

"வலது கையாலதான் சுரண்டுறேன், பார்த்துக்கோ."

அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்தவள் உள்ளே போய் ஒரு கரண்டியை எடுத்துவந்து மறுபக்கத்தைச் சுரண்டினாள். பசை நல்ல பசை. தலைவரின் சிரிப்பு போய், ஒரு கண்ணும் மூக்கும் திட்டுத் திட்டாக மிஞ்சின.

வேன் பஸ் நிறுத்தத்தில் போய் நின்றது. தபால்காரர் சுற்றிவந்து பார்த்தார்.

"என்ன டிரைவரே, தலைவருக்கு அம்மை போட்டிருக்கா?"

"ஏறுங்க தபால். நேரமாகுது."

ஏறினார்.

மறுநாளே செயலாளர் வந்து சாவியை வாங்கிக்கொண்டார். அவர் கத்தவில்லை. கண் கலங்கியிருந்தது. "உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட பேசி வாங்கின வண்டிண்ணே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விட்டிருப்பியா தம்பி? அந்த மனுஷன் ஏறணுமே."

அக்கா அன்று அத்தானிடம் பேசவில்லை. "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டாரு. இப்ப வேட்டியையும் அவிழ்த்துக் கொடுத்துட்டாரு," என்று தங்கையிடம் பொருமினாள்.

டீச்சரம்மா நகரத்தில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டாள். மற்ற இருவரும் சின்னவளோடு பஸ்ஸில் போகிறார்கள். வரும்போது அத்தானுக்கு வாந்தி வருகிறது. சில நாள் பாதி வழியில் இறங்கி, ஏதாவது மரத்தடியில் படுத்திருந்து அடுத்த பஸ் பிடிக்கிறார்கள். அவர் உடம்பு இறங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிகிறது. அவருக்கும் தெரியும்.

ஒருநாள் அவள் கேட்டுவிட்டாள். "கட்சியை விட்டுட்டீங்களா அத்தான்?"

"யார் சொன்னது? படத்தைத்தான் சுரண்டினேன்."

முன்சீட்டில் இருந்த தபால்காரர் திரும்பினார். "இன்னும் புத்தி வரலையா?"

"உங்க கட்சி இருபது வருஷம் கிழிச்சதைப் பார்த்துத்தானே நான் இங்க வந்தேன்!"

மறுபடி தொடங்கிவிட்டார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சின்னவளுக்கு அத்தானை உலுக்க வேண்டும்போல இருந்தது. அவர் முகம் வியர்ப்பதைக் கவனித்ததும், தன் ஜன்னலோர இடத்தை விட்டு எழுந்தாள்.

"கத்துறதை அப்புறம் வச்சுக்கலாம். இப்படி வந்து காத்து வாங்குங்க."

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். ஆனால் கத்துவதை நிறுத்தவில்லை.