மேடி நிக்சன் கொடுத்த நெருப்பு

விடிந்ததும் இசபெல் தொழுவத்தைத் திறந்தாள். சிவப்புப் பசுவைக் காணோம், செல்லங்களே. புருஷன் இல்லாதவள், மூன்று பிள்ளைகளின் வயிறும் அந்த ஒரு பசுவை நம்பித்தான். சேற்றில் குளம்படிகள் வடக்கே, எல்லைக்கு அப்பால் ஸ்காட்லாந்துப் பக்கம் போயிருந்தன.

அடுப்பில் எரிந்துகொண்டிருந்த கரிமண் கட்டியை எடுத்துக் கொழுந்தன் கேவனின் ஈட்டிமுனையில் குத்தினாள். எல்லைச் சட்டப்படி, அந்த நெருப்பு தெரிகிறவரை அவர்கள் களவுபோனதைத் தேடுகிறவர்கள். எல்லை தாண்டலாம், எதிர்ப்படுகிறவர் எந்த நாட்டவரானாலும் கூட நின்று உதவியாக வேண்டும். நெருப்பில்லாமல் எல்லைக்கு அப்பால் பிடிபட்டால் அவர்களே கொள்ளைக்காரர்கள், தூக்குக் கயிறுதான்.

மழையில் இருவரின் குதிரைகளும் பறந்தன. எல்லையான கெர்ஷோப் ஆற்றின் நடுவில் கேவனின் குதிரை வழுக்கியது. ஈட்டி தண்ணீரில் முங்கிப் புஸ்ஸென்று அணைந்தது.

அதே நேரம் எதிர்மேட்டில் அக்கரையின் நிக்சன் குலத்துக் குதிரைவீரர்கள் இறங்கி வந்தார்கள். திரும்பிவிடலாம் என்று கேவன் கெஞ்சினான்.

"திரும்பினா பசு போச்சு. நீ வேணும்னா போ," என்று இசபெல் அக்கரைக்கு ஏறிவிட்டாள். கேவனும் ஈட்டியோடு பின்னால் ஏறினான்.

அங்கே ஒரே வீடு, கூரையில் புகை. கதவைத் திறந்தவள் மேடி நிக்சன் என்ற கிழவி. இசபெல் மூச்சு வாங்க விஷயத்தைச் சொல்லி நெருப்புக் கேட்டாள்.

"நெருப்பைத் தண்ணிக்குள்ள கொண்டு போற ஆளுங்கள இப்பத்தான்மா பாக்குறேன்," என்றபடி மேடி இடுக்கியால் ஒரு கட்டியை எடுத்து ஈட்டியில் குத்தினாள்.

"நல்லா இருக்கணும் பெரியம்மா," என்று இசபெல் சொன்னதுதான் தாமதம், வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு பசு அவள் குரலுக்குக் கத்தியது.

மேடியின் முகம் மாறியது. அந்தப் பசுவைச் சந்தையில் வாங்கியதாக அல்லவா மகன் மங்கோ காலையில் சொல்லியிருந்தான்! அதன் பாலை ஊற்றித்தான் அவள் கஞ்சியும் குடித்திருந்தாள். எல்லோரும் பின்பக்கம் ஓடினார்கள். தொழுவக் கதவை மறித்து வாளோடு நின்றான் மங்கோ. கேவன் ஈட்டியை நீட்டினான். வந்துசேர்ந்த குதிரைவீரர்கள் நெருப்பைக் கண்டு கடிவாளத்தை இழுத்தார்கள்.

மேடி ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு மகனுக்கு எதிரே போய் நின்றாள்.

"டேய், இது என் கையால ஏத்தின நெருப்பு. சட்டப்படி இப்ப நானும் இவங்க ஆளு. கதவைத் திற. இல்லேன்னா பெத்தவளே துரத்திப் பிடிச்சான்னு ஊரு சிரிக்கும்."

குதிரைவீரர்களில் ஒருவன் அப்போதே சிரித்துவிட்டான். மங்கோ காது சிவக்கத் தாழ்ப்பாளைத் தள்ளினான்.

ஆற்றின் பாதிவரை மேடியே நெருப்பை உயர்த்திப் பிடித்து முன்னால் நடந்தாள், பாவாடை முழங்கால்வரை நனைய. பின்னால் பசு. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு இசபெல்.