மிளகாய் அரைச்ச கை

நான் சாஸ் ஃபேக்டரியில மிளகாய் அரைக்கிற பிரிவுக்கு சூப்பர்வைசர். போன வாரம் என் தங்கச்சி என்னைப் பார்த்து, "அக்கா, இனிமே பிள்ளையைத் தொடாதே"ன்னு சொல்லிட்டா. பெத்து மூணு மாசம்கூட ஆகலை, அதுக்குள்ள எனக்கே சட்டம் போடுறா!

காரணம் இல்லாம இல்லை. அன்னைக்கு வேலையில என் கையுறை கிழிஞ்சிடுச்சு. குழாயடியில தேய் தேய்னு தேய்ச்சுக் கழுவிட்டுத்தான் தங்கச்சி வீட்டுக்குப் போய் அவன் கன்னத்தைத் தடவினேன். வீல்னு கத்தினான் பாருங்க, கன்னம் செக்கச்செவேல்னு ஆயிடுச்சு. எனக்கு உசிரே போயிடுச்சு.

மறுநாள் மெஷினைத் துடைக்கும்போதுதான் தலையில அடிச்சுக்கிட்டேன். மெஷினை நாங்க வெறும் தண்ணியில கழுவவே மாட்டோம். முதல்ல எண்ணெய், அப்புறம் சோப்பு. ஏன்னு புதுசா வர்றவங்களுக்கு விளக்குறதே நான்தான். தண்ணி மூலக்கூறுக்கு ஒரு பக்கம் லேசா பிளஸ், மறுபக்கம் லேசா மைனஸ். அதனால ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்; உப்பு, சர்க்கரைன்னு அதே மாதிரி பிளஸ் மைனஸ் உள்ளதைத்தான் சேர்த்துக்கும். மிளகாயில எரியுற சரக்கோட மூலக்கூறுல பெரும்பகுதிக்கு அந்த ரெண்டு பக்கமே கிடையாது. தண்ணி அதைக் கண்டுக்காது. அதே மாதிரி ரெண்டு பக்கம் இல்லாத எண்ணெய்தான் அதுக்குச் சொந்தம், அதுலதான் கரையும். சோப்பு ஒரு முனையால எண்ணெயையும் மறுமுனையால தண்ணியையும் பிடிச்சு, எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிடும். இவ்வளவு பேசுற நான், மெஷினுக்குச் செய்யறதை என் கைக்குச் செய்யலையே!

அன்னைக்குச் சாயங்காலம் நேரா தங்கச்சி வீட்டுக்குப் போனேன். அவ கண்ணு முன்னாடியே நகக்கண் வரைக்கும் எண்ணெய் தேய்ச்சு, சோப்பு போட்டுக் கழுவினேன். மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சோப்பு. அப்புறம் விரலை என் கண்ணுலயே வெச்சுக் காட்டினேன்.

"உனக்கென்ன பைத்தியமா?"ன்னு கத்தினா.

"எரியலைடி. கொடு அவனை."

மனசே இல்லாமதான் கொடுத்தா. எப்ப வேணும்னாலும் பிடுங்கிக்கலாம்னு பக்கத்துலயே நின்னா. பயல் சும்மா இருப்பானா? என் விரலை லபக்குனு பிடிச்சு வாய்க்குள்ள விட்டுக்கிட்டான். தங்கச்சி சட்டுனு கையை நீட்டினா. சப்பினான், சப்பினான், சப்பிக்கிட்டே இருந்தான். திடீர்னு முகத்தைச் சுளிச்சு வீல்னு ஒரே அழுகை.

தங்கச்சி பாய்ஞ்சு வந்தா. நான் கொடுக்கலை. என் கை சுத்தம்னு எனக்குத் தெரியும். அவன் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னவ, பொசுக்குனு சிரிச்சுட்டா.

"பால் வரலைன்னு அழுறான்க்கா. நீயே வெச்சிரு, நான் பால் கலக்கிட்டு வரேன்."

சமையலறைக்குப் போறப்ப அவ திரும்பிக்கூடப் பார்க்கலை.