திருத்தாத படம்

டாக்டர் கணினித் திரையையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானா?"

"ஆமா டாக்டர்."

"எப்ப எடுத்தது?"

"போன வாரம். நான் வேலை செய்யற ஸ்டூடியோவுல."

மூக்கு அறுவைக்கு முன்னால் நான்கு படங்கள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நேராக ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, கீழிருந்து ஒன்று. எந்தத் திருத்தமும் கூடாது. அவள் அப்படித்தான் அனுப்பியதாக நினைத்திருந்தாள்.

"கீழருந்து எடுத்ததுல மூக்கு அகலமா இருக்கு. நேரா எடுத்ததுல இல்லையே."

திரையை அவள் பக்கம் திருப்பினார். பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓரங்களை வெட்டத்தான் படத்தைத் திறந்திருந்தாள். திறந்த கையோடு மூக்கின் இரு மடல்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையையும் எடுத்திருக்கிறாள். கீழிருந்து படம் எடுக்கச் சொல்லி ஸ்டூடியோவுக்கு யாரும் வருவதில்லை. அதனால் அந்த ஒன்று தப்பித்திருக்கிறது.

"கை தானா பண்ணிருச்சு டாக்டர். தெரிஞ்சு பண்ணல."

"ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த படத்தை மாத்தி ஊருக்குக் காட்டறவங்க உண்டு. முன்னாடி எடுத்ததையே மாத்தினது நீங்கதான்."

அவர் சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

ஸ்டூடியோ முதலாளியை எல்லோரும் ஃபிளாஷ் அண்ணன் என்பார்கள். அவர் கோபம் பளிச்சென்று வந்து உடனே அணைந்துவிடும். படம் திருத்தும் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் சொன்னது ஒன்றுதான். "கேக்காமலே பண்ணிடணும்மா. கேட்டுட்டுப் பண்ணா, இவ்வளவு நாள் இப்படியா இருந்தோம்னு மனசு நொந்து போவாங்க." அதிலிருந்து அகல மூக்கு வந்தால் குறுக்கினாள். யாரும் கண்டுபிடித்ததில்லை. படம் நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டாக்டர் தன் ஃபோனில் புதிதாக ஒரு படம் எடுத்துக் கணினியில் ஏற்றினார். மூக்கை இரு பக்கமும் நெருக்கிக் காட்டினார்.

"அதிகம் டாக்டர். இப்ப வாய் பெரிசா தெரியுது."

"நீங்களே பண்ணுங்க."

மவுஸை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் பண்ணினாள். அதிக நேரம் ஆகவில்லை. அவர் அதை எடுத்து, அவள் அனுப்பிய படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒன்றுதான்.

"இதானே வேணும்?"

"இதான்."

"பண்ணிடலாம். தேதி அப்படியே இருக்கட்டும். ஒரிஜினல் படங்களை மட்டும் அனுப்பிடுங்க."

பஸ்ஸில் நின்றபடி வந்தாள். பெரியம்மா பையன்கள் சின்ன வயதில் அவளைக் குடைமிளகாய் என்று கூப்பிடுவார்கள். இன்றும் விசேஷங்களில் மூத்தவன் "என்ன குடை, எப்படி இருக்கே?" என்பான். தங்கை கல்யாண ஆல்பத்தில் அவளுக்கு இந்தப் புது மூக்குதான். அடையாள அட்டையிலும் அதுதான். வருடக்கணக்கில் அந்த முகத்தோடு காகிதத்தில் இருந்திருக்கிறாள். அதனால் எதுவும் நடந்துவிடவில்லை. இதை யோசித்தபோது வருத்தமாக இல்லை. உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

ஸ்டூடியோவில் ஒரிஜினல்களை எடுத்து அனுப்பினாள். நேர்ப்படத்தை மட்டும் வீட்டுக்கு ஒரு பிரதி அச்சுப் போட்டாள். மவுஸைத் தொடாமலிருக்க வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"லீவு எழுதியாச்சு," என்றார் ஃபிளாஷ் அண்ணன். "ஒரு மூக்குக்கு ரெண்டு வாரம். நம்மகிட்ட முழு முகத்துக்கே அரை மணி நேரம்தான் தர்றாங்க."

அவர் லீவு கொடுப்பவர் அல்ல. தங்கை கல்யாணத்துக்கே ஒரு நாள்தான் கொடுத்தார். கல்யாணப் படங்களையும் அவள்தான் திருத்தினாள்.

வீட்டில் அம்மா சாப்பாட்டை எடுத்து வைத்தாள். அவளுக்கும் அதே மூக்குதான். ஆபரேஷன் என்று கேள்விப்பட்ட நாளில் "எனக்கும் சேத்துக் கேளேன், ரெண்டு பேருன்னா குறைச்சுப் பண்ணுவாங்க" என்றாள். பிறகு, "இத்தனை வருஷமா இதுலதான் மூச்சு விடறேன். அது ஒரு நாளும் மறுத்ததில்ல" என்றாள். அதற்குப் பின் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மேஜைமேல் கிடந்த படத்தை அம்மா எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"கண்ணுக்குக் கீழ என்னடி இது?"

"எப்பவும் இருக்கறதுதான்."

"எந்தப் படத்துலயும் இருந்ததில்லையே."

"மூக்கைப் பாரும்மா."

"மூக்குக்கு என்ன, என் மூக்கு. நீ தூங்கறதே இல்லையா? தினம் மூஞ்சியைப் பாக்கறேன், என் கண்ணுல படல பாரு."

அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

"சாப்பிடு," என்றாள் அம்மா. படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

காலையில் ஸ்டூடியோவில் இருந்தபோது கிளினிக்கிலிருந்து அழைத்தார்கள். படங்கள் சரியாக இருக்கின்றன, தேதியை உறுதி செய்யலாமா என்று வரவேற்புப் பெண் கேட்டாள். அவள் ஃபோனோடு வெளியே வந்தாள்.

"இப்ப வேண்டாங்க. தள்ளி வைங்க."

"எப்பன்னு போடட்டும் மேடம்?"

"தூங்கி எழுந்து சொல்றேன்."

வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்து அந்தப் பெண் சிரித்தாள்.

உள்ளே வந்தபோது ஃபிளாஷ் அண்ணன் தலையைத் தூக்கினார்.

"ஆஸ்பத்திரியா? தேதி ஏதும் மாறுதா? லீவு அதேதானே?"

"லீவு அதேதான் அண்ணா."

கணினியில் யாரோ ஒருவரின் முகம் காத்திருந்தது. அவள் உட்கார்ந்தாள்.