பாதியாக்கிக் கேட்கும் ஊர்

1
இந்தக் கதை பிறந்தது ஒரு மீனால் அல்ல. அந்த மீனுக்கு நான் சாட்சியாகிப்போனதால்.

முதல் தொடக்கம்: ‘எங்கள் ஆற்றின் குறுக்கே ஒரு பசு படுத்தால் ஊருக்குள் வெள்ளம் வரும்.’ (மிகை. கன்றுக்குட்டி போதும்.)

இரண்டாம் தொடக்கம்: ‘மார்ச் பதினான்கு. தூண்டில் பருவத்தின் கடைசி நாள். கரையெங்கும் பனி...’ வேண்டாம். குளிரை எழுதினாலே முழங்கால் வலிக்கிறது.

2
என் நண்பன் மெர்வின் சனிக்கிழமை லீட்ஸுக்கே குடிபோகிறான், மகளுடைய ஆறாவது மாடி வீட்டுக்கு. அங்கே தண்ணீர் குழாயில்தான் வரும். போவதற்குள் எங்கள் தூண்டில் சங்கத்தின் சாதனைப் பலகையில் தன் பெயர் ஏற வேண்டும். [ஒரு பாத்திரத்துக்கு இந்த ஆசை போதுமா? அவனுக்குப் போதுமாம்.] பலகையிலிருக்கும் மிகப் பெரிய சப் என்ற ஆற்றுமீன் ஆறு ராத்தல்.

3
பாலாடைக்கட்டி உருண்டையைக் கோத்துப் போட்டுவிட்டு மத்தியானம்வரை விறைத்துக் கிடந்தோம். கோல் வளைந்தது.

“லென்! வலைய நீட்டுடா!”

“நீட்டறேண்டா. இடுப்பு கூட வரணும்ல?”

சப்தான். வாய் என் பழைய மேலாளருடையது. ஈரப் பையிலிட்டுத் தராசில் தொங்கவிட்டோம். பையின் எடையையும் கழித்தோம். ஏழு ராத்தல். மெர்வின் அழுதா— இல்லை, மூக்குதான் ஒழுகியது. வழக்கப்படி ஆற்றிலேயே விட்டோம். விடுமுன் நான் எடுத்த படத்தில் மீன் இல்லை; என் கட்டைவிரல் அழகாக விழுந்திருக்கிறது.

“பரவால்ல, சாட்சி ஒருத்தன் சொன்னா போதும்” என்றவன் என்னைப் பார்த்தான். முகம் தொங்கிப்போயிற்று. “அய்யோ. நீயா!”

4
சங்கம் கூடும் பப்பில் நான் எதைச் சொன்னாலும் பாதியாக்கித்தான் கேட்பார்கள். ஏழு என்றால் மூன்றரை. பதினான்கு என்றால் சரியாக ஏழு! ஆனால் இன்றைக்கென்று பார்த்துப் பாதியாக்காமல் கேட்டுத் தொலைத்தால்? பதினான்கு ராத்தல் சப் எந்த ஆற்றிலும் கிடையாது. மெர்வினும் பொய்யனாகிவிடுவான்.

“சொல்லுய்யா, எவ்வளவு?” என்கிறார் செயலாளர் டோரீன். “மீன மட்டும் சொல்லு, அதோட பரம்பரையெல்லாம் வேணாம்.” மெர்வின் காலிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

முடிவு ஒன்று: ‘பதினான்கு’ என்றேன். எல்லாரும் சிரித்தா—

முடிவு இரண்டு: ‘ஏழு’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமா—

களைத்துவிட்டேன். வலையை நீட்டியபோது நீங்களும் கூடத்தானே இருந்தீர்கள். பப் கதவு திறந்திருக்கிறது; போய் நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன் எனக்கு ஒன்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் ஏழு என்று எழுதியதை நீங்கள் எத்தனை என்று படித்தீர்கள்?