சூளைக்குப் போன மட்கார்டு

1

இந்தக் கதை பரவைச் சந்தையில் கிடைத்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி ஒன்று விலைக்கு இருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் மோட்டார் காரின் மட்கார்டு, சுட்ட மண்ணில் செய்தது. “எங்கய்யா கடைசிவரைக்கும் ஒடைக்க விடல,” என்றார் விற்றவர். அய்யாவின் பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மற்றதெல்லாம் என் கற்பனை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: “1940 ஐப்பசி. காளவாசல் பட்டறையில் எதிர்காலம் ஈரமாக...” (அடித்துவிட்டேன். வீண் பகட்டு.)

நேராகவே சொல்கிறேன். ஜமீன்களுக்குச் சொகுசுக் கார் கட்டும் பட்டறை. சீமையிலிருந்து எஞ்சினும் சக்கரமும் மட்டும் வரும். அடுத்த வருஷத்துக் காரை முதலாளி வெள்ளைத்துரை தரையில் சாக்கட்டியால் வரைவார். மருது அதை முழு அளவில் களிமண்ணில் பிடிப்பான். கோடு கால்பட்டு அழிந்துவிடும். பிறகு மண்தான் கணக்கு. முத்திருளன் அதை அளந்து தகடு வெட்டுவான்.

மருதுவின் வீட்டார் அய்யனாருக்குக் குதிரை செய்கிறவர்கள். சுடாத மண்ணை மழையில் விட அவனுக்கு மனம் வராது. பட்டறைக் கூரையோ ஒழுகியது. முதலாளி பார்த்துச் சரியென்ற மட்கார்டை, யாரிடமும் சொல்லாமல், வீட்டுச் சூளையில் சுட்டுக் கொண்டுவந்து வைத்தான்.

சுட்டால் மண் சுருங்கும்.*

* குதிரை சுருங்கினால் அய்யனார் டேப் பிடித்துப் பார்ப்பதில்லை.

3

தகடு நாலு விரற்கடை குறைந்தது. சக்கரத்தில் இடித்தது. வேறு தகடும் வராது. கப்பலெல்லாம் சண்டைக்குப் போய்விட்டன.

“இம்புட்டுத் தகட்டையும் பாழாக்கிட்டியேடா! நாளையிலருந்து இங்கிட்டு வராத,” என்று முதலாளி முத்திருளன்மேல் பாய்ந்தார்.

“மண்ண அளந்துதான் வெட்டுனேன் மொதலாளி. மாப்ள மருது, நீயாச்சும் சொல்லுய்யா!”

மருதுவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்து

[இந்த வாக்கியம் நகரமாட்டேன் என்கிறது.]

4

முடிவு அ: உண்மையைச் சொல்கிறான், அவன் வேலை போகிறது. (எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. அவனுக்கும் வீட்டில் நாலு வயிறு.)

முடிவு ஆ: முதலாளி நிதானமாக விசாரிக்கிறார். (அப்படியொரு முதலாளியை நான் கண்டதில்லை.)

அதன்பிறகு நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். நான்கிலும் முத்திருளன் சுத்தியலை வைத்துவிட்டு உசிலம்பட்டிச் சாலையில் நடக்கிறான். மருது பார்த்துக்கொண்டே நிற்கிறான். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வருகிறது. அவனிடத்தில் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன் என்பதால் இன்னும் ஆத்திரம்.

5

அந்த மட்கார்டை உடைக்காமல் வைத்திருந்த அய்யா யார்? மருது என்றால், தினமும் அதன் முகத்தில் விழித்திருக்கிறான். முத்திருளன் என்றால், ஒருநாளாவது அதை மறுபடி அளந்து, தன் வெட்டு சரிதான் என்று பார்த்திருப்பான்.

அரைகுறையாய் நிற்கிற அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். முடிந்தால் மருதுவைப் பேசவையுங்கள். என்னால் ஆகவில்லை.