குழலை ஆட்டாதே

வெள்ளம் வடிந்ததும் வீட்டுக்குள் கிடந்த சேற்றை நானும் என் மனைவி நெய்வாவும் சேர்ந்துதான் வாரிக் கொட்டினோம். பத்தாம் நாள் எலிக்காய்ச்சலும் சேர்ந்தேதான் வந்தது. முப்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் சண்டை போடாமல் நாங்கள் பங்கிட்டுக்கொண்டது அது ஒன்றுதான்.

கிருமி ரத்தத்தில் பரவி மூளையைக் கலக்கியபோதுதான் ஆளுக்கொரு வழியில் போனோம். நான் ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கினேன். கட்டிலில் மாடு ஏறுகிறது என்று கத்தி, கையில் குத்திய ஊசியைப் பிடுங்கி எறிந்தேனாம். நெய்வாவின் தங்கை ஸுல்மீரா என் பக்கத்தை விட்டு நகரவில்லை. அடுத்த வார்டில் நெய்வா கூரையைப் பார்த்தபடி சத்தமில்லாமல் கிடந்தாள். "தங்கமான அம்மா, ஒரு தொந்தரவு இல்ல" என்று நர்ஸுகள் மெச்சினார்கள். நெய்வாவா தொந்தரவில்லாதவள்? அதைக் கேட்டதுமே ஸுல்மீரா பதறியிருக்க வேண்டாமா? அவள் எங்கே பதறுவாள், பாவம், நான்தான் அவளை இறுக்கிப் பிடித்து வைத்திருந்தேனே.

வீடு திரும்பினோம். நான் தேறினேன். நெய்வா சமைத்தாள், பெருக்கினாள், ஆனால் பேசவில்லை. காலையில், டீக்குப் பதில் நாங்கள் குடிக்கும் மாத்தே இலையைச் சுரைக்குடுக்கையில் போட்டு வெந்நீர் ஊற்றி, முதல் குடுக்கையை என்னிடம் நீட்டினாள். எங்கள் ஊரில் கசப்பு அதிகமான முதல் குடுக்கை ஊற்றுகிறவருக்குத்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை எனக்கு விட்டுக் கொடுத்ததே இல்லை.

பிழைத்து வந்தவர்களைப் பரிசோதிக்கும் டாக்டர் தாயீஸாவிடம் அவளை அழைத்துப் போனேன்.

"உங்க கலக்கம் வெளிய கத்திடுச்சு, வால்திர். இவங்களோடது உள்ளயே உக்காந்துடுச்சு. சத்தம் போடாதவங்களை நாங்களும் சில சமயம் கவனிக்காம விட்டுடறோம்."

"ஆம்பளைக்கு ஒரு மாதிரி, பொம்பளைக்கு ஒரு மாதிரியா டாக்டர்?"

"வித்தியாசம் இருக்கும்போலத் தெரியுது. எப்படி, ஏன்னுதான் ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கோம். உங்க ரெண்டு பேரை மட்டும் வச்சு எதுவும் சொல்லிட முடியாது."

"என் நெய்வா திரும்பி வந்துடுவாளா?"

"நிறையப் பேர் தேறுறாங்க. சத்தியம் பண்ண முடியாது. வீட்ல பழைய பழக்கம் எதையும் விட்டுடாதீங்க."

எங்கள் வீட்டின் பழைய பழக்கம் சண்டைதான். அதற்கு வழியும் எனக்குத் தெரியும். குடுக்கையில் செருகிய உறிஞ்சுகுழலை ஆட்டினால் இலை குழம்பி அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை ஆட்டிவிட்டு ரெண்டு நாள் பட்டினி கிடந்தவன் நான்.

மறுநாள் காலை அவள் கண்ணெதிரிலேயே குழலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினேன். பார்த்தாள். குடுக்கையை வாங்கி, குழலை நிமிர்த்திவிட்டு, மறுபடி ஊற்றினாள். அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்று வாரம் ஆட்டினேன். ஒரு நாள் கொல்லைக்குப் போய், யாரும் பார்க்காமல், ஓவென்று அழுதேன். அவள் இல்லாத வீடு எனக்கு எதற்கு?

இருபத்திரண்டாம் நாள் கையை நீட்டினேன், அவ்வளவுதான். புறங்கையில் பளாரென்று விழுந்தது.

"யோவ் கழுதை! குழலை ஆட்டாதே, ஆட்டாதேன்னு தினமும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்தறேன், காதுல ஏறுதா உனக்கு?"

தினமுமா? இத்தனை நாளில் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை. அத்தனை காலையும் உள்ளே கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், என் தங்கம்.

என் முகத்தைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "எதுக்குய்யா அழறே? ரொம்ப வலிச்சிடுச்சா?"

"ஆமாடி, உயிரே போகுது" என்று கையை மறுபடி நீட்டினேன். "இன்னொண்ணு போடு."